உண்ணி கடித்த பிள்ளையும் ஓடைக்கரையில் செத்த குரங்கும்

கேள்வி: கூடலூரிலிருந்து மசினகுடி போகும் வழியில், காட்டை ஒட்டி எங்கள் வீடு. கணவர் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர். மாமியார் தினமும் விறகுக்குப் போவார், வரும்போது மாட்டுக் கொட்டகைக்கு ஒரு சாக்கு சருகும் அள்ளி வருவார். ஜனவரி 10-ம் தேதி ஓடைக்கரையில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. மறுநாள் என் 6 வயது மகனின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தீக்குச்சியை அணைத்துச் சூடு வைத்து எடுத்தார். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் 'சீனாவிலிருந்து புது உண்ணி வைரஸ், மருந்தே கிடையாது' என்று வந்தது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. மாட்டை விற்றுவிடலாம், நாயை எங்காவது விட்டுவிடலாம் என்கிறார் கணவர். இதற்குத் தடுப்பூசி இருக்கிறதா? என் தம்பி ஓமனில் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். அவனுக்கும் ஆபத்தா? (பெயர் வேண்டாம் டாக்டர்.)

பதில்:

கடிதத்தில் தேதி போட்டீர்கள் பாருங்கள், அது பெரிய உதவி. பையனின் காதிலிருந்து உண்ணியை எடுத்து இன்றைக்கு 22 நாள் ஆகிறது. செத்த குரங்கையும் உண்ணியையும் பார்த்து நீங்கள் பயப்படுவது உண்ணி வழியாக வருகிற குரங்குக் காய்ச்சலுக்குத்தான். அது வருவதாக இருந்தால், கடித்த மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வந்திருக்கும். இதுவரை காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் அந்த உண்ணியைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. இன்றிரவு தூங்குங்கள்.

குரங்கு விஷயம் அப்படி முடியவில்லை. செத்த குரங்கைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. கணவர் வனத்துறையிலேயே இருக்கிறார் என்பதால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் தற்காலிக வேலையில் இருப்பவர்கள் 'நாமாகப் போய் ஏன் வம்பை இழுக்க வேண்டும்' என்று பேசாமல் இருந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லையென்றால் இப்போதாவது வனச்சரக அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லச் சொல்லுங்கள். இடத்தையும் தேதியையும் சொன்னால் போதும். இனி ஒரு குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போக வேண்டாம், குச்சியால் புரட்டவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். அனுமார் என்று மஞ்சள் பூசி, மாலை போட்டு அடக்கம் செய்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதற்கு மரியாதை செய்கிற எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. காட்டோரத்தில் மட்டும் அதைக் கைவிட வேண்டும். 2012 கடைசியில் உங்களுக்கு அடுத்த காடான பந்திப்பூரில் இந்த நோய் முதல்முறை தலைகாட்டியபோது, படுத்தவர்கள் செத்த குரங்குகளை அப்புறப்படுத்திய ஆட்கள்தான். அதே பருவத்தில் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் இந்த வைரஸ் இருந்தது உறுதியானது. அதனால் உங்கள் பயம் வீண் பயம் இல்லை. நீங்கள் பயப்பட வேண்டிய பொருள்தான் மாறிப் போயிருக்கிறது.

ஏன் செத்த குரங்கு இவ்வளவு முக்கியம்? உயிரோடு இருக்கும் குரங்கின் மேல் உண்ணிகள் ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். அதற்கு வைரஸ் ஏறினால் அதன் ரத்தத்தில் கிருமி மளமளவென்று பெருகும். நாட்டுக் குரங்கும் முகம் கறுத்த சாம்பல் மந்தியும் இதில் எளிதில் செத்துப் போகும். உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகளுக்கு அங்கே வேலை இல்லை. ஒவ்வொன்றாக இறங்கி அதே இடத்துச் சருகில் பதுங்கும். குரங்கு விழுந்த இடம் அப்போதிலிருந்து கிருமி ஏறிய உண்ணிகளின் கிடங்கு. அதனால்தான் உடலைச் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். அந்த ஓடைக்கரைப் பக்கம் இந்தப் பருவம் முடியும்வரை பையனையும் மாட்டையும் விடாதீர்கள். துணி துவைக்க வேறு துறை இருந்தால் அங்கே போங்கள்.

இந்த நோய் நம் பக்கத்துச் சொந்த நோய். 1957-ல் அப்போதைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரப தாலுகாவில் கியாசனூர் என்ற காட்டை ஒட்டிய கிராமங்களில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே ஜனங்களும் காய்ச்சலில் படுத்தார்கள். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் முதலில் பயந்தது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மட்டும் இருந்த மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்றுதான். குரங்கும் மனிதனும் ஒன்றாகச் சாகிற காய்ச்சல் என்றால் அன்றைக்கு அந்தப் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். பார்த்தால் அது கொசுவால் வருவது இல்லை, உண்ணியால் வருவது. உலகம் அதுவரை அறியாத வைரஸ். கியாசனூர் காட்டு நோய் என்று புத்தகத்தில் பெயர் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் கன்னடத்தில் 'மங்கன காயிலெ' என்கிறார்கள், குரங்கு நோய் என்று அர்த்தம். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கர்நாடகத்தின் மலைநாட்டு மாவட்டங்களுக்குள்ளேயே சுற்றிவந்தது. 2012-க்குப் பிறகுதான் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, மலப்புரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வெளியே தெரிந்தது.

ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். படித்து முடித்த புதிதில் இரண்டு வருஷம் அந்த ஷிமோகா பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தேன். கன்னடம் அரைகுறை. ஒரு பிப்ரவரியில் பாக்குத் தோட்டத்துக் கூலியாள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் 103 டிகிரி. இடுப்பும் கெண்டைக்காலும் வெட்டிப் போட்டது போல் வலிக்கிறது என்று அழுதார். கண் இரண்டும் செக்கச்செவேல். நான் டைபாய்டு என்று நினைத்து மருந்து ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாள் போனது, குறையவில்லை. வயதான நர்ஸ் அம்மா ஒருவர் அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நானும் எண்ணினேன். நிமிஷத்துக்கு 64. அத்தனை காய்ச்சலில் நாடி நூறைத் தாண்டி ஓட வேண்டும். அவர் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். மேலண்ணத்தின் பின்பக்கம் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். அப்புறம் அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் தோட்டத்துப் பக்கம் குரங்கு ஏதாவது செத்ததா?" நாலு நாளைக்கு முன்னால் இரண்டு செத்ததாம். அதை அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாளும் நான் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிழைத்தார். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அந்த ஆளுடைய வேலை என்ன தெரியுமா? காட்டில் சருகு அள்ளி வந்து பாக்குத் தோட்டத்திலும் கொட்டகையிலும் போடுவது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான். குரங்கையும் உண்ணியையும் பெரிதாக எழுதிவிட்டு, மாமியாரின் சருகுச் சாக்கைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கதையில் வில்லன் அந்தச் சாக்குதான். ஷிமோகாவில் யார் வீட்டில் இந்த நோய் வருகிறது என்று ஆராய்ந்தபோது, வீட்டைச் சுற்றிச் சருகு குவித்து வைக்கிற வீடுகள் தனியாகத் தெரிந்தன.

காரணம் சொல்கிறேன். இந்த உண்ணிக்கு மூன்று பருவம். முட்டையிலிருந்து வருவது ஆறு கால் குஞ்சு, கசகசா அளவு. அது எலி, பறவை போன்றவற்றின் மேல் ஏறி ஒருமுறை ரத்தம் குடித்துவிட்டு விழும். தோல் உரித்தால் எட்டு கால், எள் அளவு. அதுவும் ஒருமுறை குடித்துவிட்டு விழும். அதற்கு அடுத்ததுதான் நாம் மாட்டின் காதிலும் வாலடியிலும் பார்க்கிற பெரிய உண்ணி. மனிதனைக் கடித்து நோயைத் தருவது பெரும்பாலும் அந்த நடுப்பருவத்து எள் உண்ணி. நவம்பர் கடைசியில் தொடங்கி மே வரைக்கும் அதன் ஆட்டம். மழை இறங்கியதும் அடங்கிவிடும். பறக்காது, தாவாது. சருகு மேலேயும் புல் நுனியிலும் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். மூச்சுக்காற்றும் உடல் சூடும் பட்டதும் உராய்கிற துணியைப் பற்றிக்கொள்ளும். சருகை அள்ளிச் சாக்கில் திணித்துத் தலையில் சுமந்து வந்து, பிள்ளை விளையாடுகிற இடத்துக்கு இருபதடி தள்ளிக் கொட்டினால், காட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரிதான்.

மாமியாரிடம் 'டாக்டர் வேண்டாம் என்றார்' என்று மொட்டையாகச் சொன்னால் கேட்க மாட்டார். அவர் எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை அது! வருஷம் முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. இப்போதிலிருந்து மே வரை நிறுத்தினால் போதும் என்று சொல்லுங்கள். கொட்டகைக்கு வைக்கோல் போடலாம், வீட்டுத் தோட்டத்து இலைதழை போடலாம். விறகு இல்லாமல் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும். விறகுக்குப் போனால் தரையில் உட்கார்ந்து கட்டுக் கட்ட வேண்டாம், பாதை ஓரத்துப் புதரில் சாய்ந்து இளைப்பாற வேண்டாம். திரும்பி வந்ததும் கட்டியிருந்த சேலையை அப்படியே வெந்நீரில் முக்கட்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. பிறகு குளியல். குளிக்கும்போது காதுக்குப் பின்னால், அக்குள், மார்பின் கீழ்ப்பகுதி, பாவாடை நாடா இறுகுகிற இடம், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எள் போல ஏதாவது நெருடும். வயதானவருக்குக் கண் தெரியாது, நீங்கள் கூட நின்று பாருங்கள்.

கணவருக்கு வேறு வழி இல்லை, காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். முழுக்கை சட்டை, வெளிர் நிறமாக இருந்தால் உண்ணி ஊர்வது தெரியும். கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், சக காவலர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கர்நாடகத்தில் காட்டோர கிராமங்களுக்கு டெபா என்ற எண்ணெயைச் சுகாதாரத் துறை கொடுக்கிறது. கைகால்களில் பூசிக்கொண்டால் உண்ணி ஏறத் தயங்கும். அது கிடைக்காவிட்டால் டீட் என்ற மருந்து சேர்ந்த பூச்சி விரட்டும் கிரீமைக் கணுக்காலிலும் இடுப்பிலும் பூசலாம். சில மணி நேரம்தான் தாங்கும்.

இப்போது மாடு. விற்காதீர்கள். மாட்டுக்கு இந்தக் காய்ச்சல் வராது. அதன் ரத்தத்திலிருந்து கிருமி பெருகி உண்ணிக்குப் போவதும் இல்லை. மாடு செய்வது வேறு ஒன்று. பெரிய உண்ணிகளுக்குச் சாப்பாடு போடுகிறது, அவை விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கின்றன. காட்டில் மாடு மேய்கிற இடமெல்லாம் உண்ணி பெருகுவதற்கு அதுதான் காரணம். அதனால் மேய்ச்சலைக் காட்டுக்குள் விடாமல் வெளியே வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உண்ணிக்கு முதுகில் ஊற்றுகிற மருந்தைச் சரியான அளவில் போடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் துணியில் நனைத்து மாட்டின் மேல் தேய்ப்பது. மாடு அதை நக்கும், வாயில் நுரை தள்ளும், தேய்த்தவருக்கும் தலை சுற்றும். அந்த மாதிரி வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பாலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஐரோப்பாவில் இதே குடும்பத்து உண்ணி வைரஸ் ஒன்று காய்ச்சாத ஆட்டுப்பாலில் பரவுவதுண்டு. நாம்தான் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிப்பதில்லையே.

அடுத்து ஒரு பெயர்க் குழப்பம். இதைத் தீர்க்காவிட்டால் நாளைக்கு ஆபத்து. நம் ஊரில் பேப்பரிலும் டிவியிலும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருகிறதே, அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணியே இல்லை, புதரில் இருக்கிற ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்கே தெரியாது. கிருமி வைரஸ் இல்லை, பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். விட்டால் ஆளைக் கொல்லும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மழை, பனிக்காலத்திலும் இது எல்லா மாவட்டத்திலும் வருகிறது. குரங்குக் காய்ச்சலைவிட உங்கள் பையனுக்கு இது வருவதற்கான வாய்ப்புத்தான் பல மடங்கு அதிகம். வைரஸுக்கு மருந்து இல்லை என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, 'போய் என்ன ஆகப் போகிறது' என்று வீட்டிலேயே உட்கார்ந்தால், மருந்து இருக்கிற நோயில் பிள்ளையைப் பறிகொடுக்க நேரும். அதுதான் அந்தச் செய்தி செய்கிற உண்மையான கெடுதல்.

சரி, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? குரங்குக் காய்ச்சல் படிப்படியாக வராது. காலையில் வேலைக்குப் போனவர் மத்தியானம் நடுங்கிக்கொண்டு திரும்புவார். முன்நெற்றியில் மண்டை பிளக்கிற வலி, உடம்பு முழுக்கத் தசைவலி, கண் சிவப்பு, வாந்தி. மூன்று நாலு நாளில் சிலருக்கு ஈறு, மூக்கு, மலத்தில் ரத்தம். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியத்திலேயே 'நாங்கள் காட்டோரத்துக்காரர்கள், இன்ன தேதியில் உண்ணி கடித்தது, பக்கத்தில் குரங்கு செத்தது' என்று சொல்லிவிடுங்கள். என்னைப் போல டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்கக் கூடாது. முதல் வாரத்தில் ரத்தத்தில் வைரஸையே தேடுகிற பிசிஆர் பரிசோதனை உண்டு. ஐந்தாறு நாள் கழிந்தால் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற பரிசோதனை. தெருமுனை லேபில் இது கிடையாது, அரசு மருத்துவமனை வழியாகத்தான் மாதிரி போகும். முடிவு வரும்வரை டாக்டர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் 'இது வைரஸாச்சே' என்று மறுக்காதீர்கள். ஸ்க்ரப் டைபஸாக இருந்தால் அதுதான் உயிரைக் காப்பாற்றும்.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு' என்று கேட்டால் தருகிற டைக்ளோபினாக், இப்யூபுரூபன் மாத்திரைகளும் இடுப்பில் போடுகிற வலி ஊசியும் வேண்டவே வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கிற ரத்தத் தட்டுகள் குறைந்திருக்கிற நேரத்தில் அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். நிலவேம்புக் கஷாயம் குடிப்பதானால் குடித்துவிட்டே பஸ் ஏறுங்கள். கஷாயத்தை நம்பி நாலு நாளைக் கடத்துவதுதான் தப்பு.

இன்னொன்று. காய்ச்சல் விட்டுவிட்டது என்று டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்த பிறகும் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு இது திரும்ப வரும். இரண்டாம் முறை வந்தால் மூளையைத் தொடும். கழுத்து விறைப்பு, கை நடுக்கம், பேச்சுக் குழறல், மசமசவென்று பார்வை. அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். நூறு பேருக்கு வந்தால் மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். மற்றவர்கள் பிழைக்கிறார்கள், ஆனால் பழைய தெம்பு வர மாதக்கணக்கில் ஆகும். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை என்பது உண்மை. சிகிச்சை இல்லை என்பது பொய். நீர்ச்சத்தையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து நிறுத்தி, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றி, உடம்பே வைரஸை வெல்லும்வரை ஆளைத் தாங்கிப் பிடிப்பதும் சிகிச்சைதான். வீட்டில் ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. தட்டைப் பிரித்து வைக்கவோ பேசாமல் ஒதுக்கவோ தேவையில்லை.

தடுப்பூசி இருந்தது. 1990 முதல் கர்நாடகத்தில் போட்டு வந்தார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு பூஸ்டர், அதன் பின் வருஷா வருஷம். சாதாரண வலி இல்லை, கை வீங்கிவிடும். அதனால் முதல் ஊசியோடு ஓடிப் போனவர்களே அதிகம். அத்தனையும் போட்டுக்கொண்டவர்களுக்கே முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இரண்டு ஊசியில் 62 சதவீதம், பூஸ்டரோடு 83 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். போகப் போக மருந்தின் வீரியமே சந்தேகமாகி 2022-ல் நிறுத்திவிட்டார்கள். புதிய தடுப்பூசிக்கான வேலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியில் நடக்கிறது. அது உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வரும்வரை காலுறைதான் தடுப்பூசி.

அந்த வாட்ஸ்அப் செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சீனாவின் கிராமப்புறங்களில் 2009 வாக்கில் விவசாயிகள் காய்ச்சலோடு ரத்தத் தட்டு குறைந்து வந்தார்கள். தேடியபோது உண்ணியால் வரும் புது வைரஸ் ஒன்று கிடைத்தது. பிறகு கொரியாவிலும் ஜப்பானிலும் இருப்பது தெரிந்தது. ஆக அது நேற்று வந்தது இல்லை, விமானம் ஏறி மசினகுடிக்கு வரவும் இல்லை. அதே 2009-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இரண்டு விவசாயிகள் உண்ணிக்கடியோடும் காய்ச்சலோடும் சேர்ந்தார்கள். டாக்டர்கள் நம்மைப் போலவே டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. விடாமல் ரத்தத்தைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பியதால் ஹார்ட்லேண்ட் என்று இன்னொரு புது வைரஸ் வெளிப்பட்டது. அது சீனத்து வைரஸுக்கு நெருங்கிய உறவு. 2014-ல் கன்சாஸில் பூர்பன் என்ற மாவட்டத்தில் ஒருவர் இறந்தபோது மற்றொன்று. நம் குரங்குக் காய்ச்சல் வைரஸுக்கே 1990-களில் சவூதி அரேபியாவில் ஒரு பங்காளி கண்டுபிடிக்கப்பட்டது. இவையெல்லாம் புதிதாகப் பிறந்தவை என்று நான் நினைக்கவில்லை. காட்டில் உண்ணிக்கும் விலங்குக்கும் நடுவில் காலங்காலமாக ஓடிக்கொண்டிருந்தவைதான். நாம் மரத்தை வெட்டி உள்ளே போனோம், மாட்டை ஓட்டிக்கொண்டு போனோம். 1980-களின் தொடக்கத்தில் தட்சிண கன்னடத்தில் காட்டை அழித்து முந்திரி வைக்கப் போன இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குரங்குக் காய்ச்சலில் படுத்தார்கள். மற்றபடி இன்றைக்குப் பரிசோதனைக் கருவிகள் கூர்மையாகிவிட்டதால், முன்பு 'விஷக்காய்ச்சல்' என்று புதைத்துவிட்டவற்றுக்கெல்லாம் இப்போது பெயர் கிடைக்கிறது.

தம்பியின் விஷயம் வேறு. ஓமனில் ஆட்டு மாட்டு வேலையில் இருப்பவர்களுக்கு வருவது கிரிமியன் காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். அங்கே ஆட்டுக்கு நோய் தெரியாது, ஆனால் ரத்தத்தில் கிருமி இருக்கும். உண்ணி கடித்தும் வரும், அறுக்கும்போது ரத்தம் பட்டும் வரும். பக்ரீத் சமயத்தில் ஜாக்கிரதை. இது ஆளுக்கு ஆளும் தொற்றும் என்பதுதான் குரங்குக் காய்ச்சலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். 2011-ல் குஜராத்தில் அகமதாபாத் பக்கம் ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் நர்ஸும் இதில் இறந்தார்கள். தம்பியிடம் சொல்லுங்கள்: ஆட்டின் உண்ணியை வெறும் விரலால் நசுக்க வேண்டாம், அறுக்கிற இடத்தில் கையுறையும் கண்ணாடியும் போடட்டும், காய்ச்சலோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டாம். அங்கேயே மருத்துவமனைக்குப் போய் என்ன வேலை செய்கிறான் என்பதைச் சொல்லட்டும்.

தீக்குச்சி அக்காவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் சூடு வைத்தாலும் மண்ணெண்ணெய் ஊற்றினாலும் உண்ணி துடித்து, குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடலாம். கூடவே பிள்ளையின் தோலும் வேகும். புருவம் திருத்துகிற நுனி கூர்மையான சாமணம் ஒன்று வாங்கி வையுங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக, ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் வாய் உள்ளேயே நின்றுவிடும். நின்றுவிட்டாலும் ஊசியால் குடையாதீர்கள், தானாக வெளியே வந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவுங்கள். எடுத்ததை நகத்தால் குத்தி நசுக்காமல் செல்லோ டேப்பில் ஒட்டி, நாள்காட்டித் தாளில் அந்தத் தேதியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

நாயை விடாதீர்கள். நாயின் மேல் இருக்கிற பழுப்பு உண்ணி வேறு சாதி, குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது அது இல்லை. வேறு ஒரு காய்ச்சலைத் தரக்கூடும், அதுவும் டாக்ஸிசைக்ளினுக்குக் கேட்கிற காய்ச்சல்தான். கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து போடுங்கள். உங்கள் கணவரோடு காட்டுக்குள் போய்வருகிற நாயாக இருந்தால் மே மாதம் வரை அது வாசலில் படுக்கட்டும், பையனின் பாயில் வேண்டாம்.